'யாம்' என்றால் சேனைக்கிழங்கா?

ஆஸ்திரேலியத் தொல்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே 1995இல் தீட்டிய 'பிக் யாம் ட்ரீமிங்' தமிழில் 'பெரிய சேனைக்கிழங்குக் கனவு' ஆகிவிடுகிறது. அகராதியில் 'யாம்' என்றால் சேனை; எடுத்து ஒட்டியாயிற்று.

'யாம்' மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியரின் 'இன்யாமே' வழியாகப் பரவிய சொல். முறைப்படி அது பெருவள்ளி இனம். ஆங்கிலேயர் போன இடங்களில் கண்ட வேறு கிழங்குகளுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள்.

எமிலியின் மண் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, யூட்டோபியாப் பகுதியின் அல்ஹல்கெர். அங்கே பெண்கள் தோண்டும் அன்வெர்லார் கிழங்கு தாவரவியலில் 'விக்னா லான்சியோலாட்டா'. உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் இதே விக்னா பேரினம்தான். படரும் கொடி, மஞ்சள் பூ, தரைக்கு மேலும் கீழும் காய். கிழங்கு பென்சில்போல மெலிந்து நீளும். பச்சையாகவும் தின்னலாம், சுடுசாம்பலில் வாட்டியும் தின்னலாம். சேனையைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரித்தே சொல்லிவிடும், இரண்டும் வேறென்று.

சேனை ஒற்றை உருண்டை. ஓவியமோ 2.91 மீட்டர் உயரம், 8.02 மீட்டர் அகலக் கருந்துணியில் பின்னிப் பின்னி ஓடும் வெள்ளைக் கோடுகள்: மண்ணுக்கடியில் பரவும் வேர், கிழங்கு முற்றும்போது மேலே விடும் வெடிப்பு. தலைப்பில் சேனையைப் போட்டால் பார்ப்பவர் உருண்டையைத் தேடுவார்.

'வள்ளி' கொஞ்சம் தேவலை. கொடி என்ற பொருளாவது பொருந்தும். ஆனால் வாசகர் மனத்தில் எழுவது சர்க்கரைவள்ளி, இல்லையேல் மரவள்ளி. பின்னது கொடியே அல்ல. 'பென்சில் கிழங்கு' வடிவத்தைச் சொல்லும், குலத்தைச் சொல்லாது. ஈழத்தில் 'பயற்றங்காய்' என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. அதே போக்கில் 'பயற்றங்கிழங்கு' என்றால் பயற்றின் உறவும் நிலத்தடி உணவும் ஒரே சொல்லில் அடங்கும்.

'கனவு' இன்னொரு வம்பு. நடு ஆஸ்திரேலியத் தொல்குடி மொழியான அரெர்ன்ட்டெயின் 'அல்ட்யெர்ரெ'வுக்கு வெள்ளைக்காரர் வைத்த ஆங்கிலப் பெயர்தான் 'ட்ரீமிங்'. மூதாதையர் நிலத்தை உருவாக்கியதும் இன்றும் நடப்பில் உள்ள அவர்கள் நெறியும் அதில் அடக்கம், உறக்கத்தில் காண்பதன்று. 'தொன்னெறி' எனலாம். 'கனவுக்காலம்' என்பது அதை முடிந்துபோன காலமாகவும் ஆக்கிவிடுகிறது.

செடியையும் பார்க்காமல் படத்தையும் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டும் பழக்கத்தால் வருவது இது. இத்தனைக்கும், 'காமே' என்பதே இந்தக் கொடியின் பூவையும் விதையையும் குறிக்கும் பெயர். சேனை என்று எழுதுபவர் ஓவியரின் பெயரையும் சேர்த்தே பிழைபடப் பெயர்க்கிறார்.