கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல் பழி போடலாமா?

விடுமுறை முடிந்த மறுநாள் கிளினிக்கில் வயிற்றுக் கோளாறோடு வருகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இருப்பார்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே காரணத்தையும் சொல்லிவிடுவார்கள். "நேத்து ராத்திரி குடும்பத்தோட வெளியே சாப்பிட்டோம் டாக்டர், அதான்." கூட வந்த மனைவி, "நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன், கேட்டாத்தானே" என்பார். கணவர் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிக்க ஆரம்பிப்பார். வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்தாயிற்று. மாத்திரை எழுதுவது மட்டும்தான் பாக்கி.

குடும்ப மருத்துவராக எனக்கு இந்தத் தீர்ப்பில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஹோட்டல்காரர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்காகச் சொல்லவில்லை. வெளிச்சாப்பாட்டால் நோய் வருவது உண்மைதான். ஆனால் கெட்ட உணவு உள்ளே போன நேரத்துக்கும் வயிறு புரட்டத் தொடங்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால், பல நேரம் சந்தேகம் நம் வீட்டு அடுப்படிப் பக்கம் திரும்பும்.

இந்த இடைவெளி கிருமிக்குக் கிருமி மாறும். நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் உணவில் விழுந்து பெருகி, அங்கேயே நச்சைக் கக்கி வைத்துவிடும். அதைச் சாப்பிட்டால் அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும். நோரோ வைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம். சால்மொனெல்லாவுக்கு 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். சரியாக வேகாத கோழியிலிருந்து வரும் கேம்பைலோபேக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் எடுத்துக்கொள்ளும். லிஸ்டீரியா இன்னும் மோசம், வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலையும் அதில் செய்த பாலாடைக்கட்டியையும் தொடவே வேண்டாம் என்று சொல்வது இந்தக் கிருமிக்குப் பயந்துதான். ஆக, ஞாயிறு இரவு வெளியே சாப்பிட்டு, திங்கள் காலை காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வெள்ளிக்கிழமை வீட்டில் அவசரமாக இறக்கிய கோழியையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் நான் மூன்று நாள் கதையைக் கேட்பேன். வெளியே போனது எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கும், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது வரை. வீட்டில் சாப்பிட்டது மனதில் நிற்பதே இல்லை. கொஞ்சம் கிளறினால் மெதுவாக வரும்: சனிக்கிழமை பிள்ளைக்குப் பிறந்தநாள், சொந்தக்காரர்கள் வந்தார்கள், பெரிய பாத்திரத்தில் சமைத்தோம், மதியம் மிஞ்சியதை மேடையிலேயே மூடி வைத்தோம், ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிட்டோம். சொல்லி முடித்ததும் ஒரு சந்தேகப் பார்வை. "வீட்டுச் சாப்பாடுதானே டாக்டர், அதுல எப்படி?"

வேறு யாருக்கெல்லாம் வந்தது, அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் குழம்பைத் தொடாத பிள்ளை மட்டும் தப்பித்திருந்தால் பாதி துப்பு கிடைத்த மாதிரி.

கிருமிக்கு வீடு, ஹோட்டல் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஈரமும் சத்தும் இதமான சூடும் இருந்தால், அப்புறம் அதற்கு வேண்டியது நேரம் மட்டும்தான். சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் பெரும்பாலான கிருமிகள் பெருகுகின்றன. வசதியான நிலையில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். ஒன்றே ஒன்றில் ஆரம்பித்தாலும் 7 மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். மதியச் சமையலுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"அதான் நல்லா கொதிக்க வெச்சோமே" என்பார்கள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்கும் தவறான நம்பிக்கைகளில் இதுதான் மிகப் பிடிவாதமானது. சோற்றை எடுத்துக்கொள்வோம். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) இருப்பது சகஜம். கொதிநீரில் பாக்டீரியா செத்துவிடும், வித்து சாகாது. சோறு வெந்து, மூடிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். சில வகைகள் பெருகும்போதே செரியுலைடு என்ற நச்சையும் உருவாக்கும். வாந்தியை வரவழைப்பது அதுதான். இப்போது மறுபடி சூடு பண்ணுகிறீர்கள். பாக்டீரியா செத்துப்போகும், நச்சு அப்படியே இருக்கும். 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் தாங்கக்கூடியது அது. பிரஷர் குக்கரில் போட்டாலும் பயன் இல்லை. பாஸ்தா, நூடுல்ஸ் போன்ற மாவுச்சத்துள்ள எதற்கும் இதே கதைதான். முதலில் சொன்ன ஸ்டெஃபிலோகாக்கஸின் நச்சும் சூட்டுக்கு எளிதில் மசியாது.

மணமும் கைகொடுக்காது. முகர்ந்து பார்த்தேன், ருசி பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். உணவைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு. இரண்டாவது வகை இருப்பதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

இறைச்சி, குழம்பு வகைகளில் இன்னொரு கில்லாடி, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். அதற்குக் காற்று பிடிக்காது. பெரிய பாத்திரத்தில் நிறையக் குழம்பு கொதிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் வெளியேறிவிடும். அடுப்பை அணைத்த பிறகு நடுப்பகுதி போர்வை போர்த்திய மாதிரி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அந்தச் சூட்டில் இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து வலிக்கும், பேதியாகும், வாந்தியோ காய்ச்சலோ பெரும்பாலும் இருக்காது. நான்கு பேருக்கு அளவாகச் சமைக்கும் நாளில் வராத தொல்லை, இருபது பேருக்குச் சமைக்கும் விசேஷ நாளில் வருவதற்குப் பாத்திரத்தின் ஆழம்தான் காரணம்.

தொழில்முறைச் சமையலறைகளுக்கு இதற்கென்றே விதி உண்டு. அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ வெளியிடும் உணவு விதித்தொகுப்பு, சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறது. ஒழுங்காக நடக்கும் ஹோட்டலில் தெர்மாமீட்டர் இருக்கும், குறித்து வைக்க நோட்டு இருக்கும், சோதனைக்கு ஆள் வருவார். வீட்டில் இதெல்லாம் இல்லை. இருக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன், சமையல் ஆசையே போய்விடும். ஆனால் வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களுக்கு மாற்றுங்கள். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் சீக்கிரம் ஆறும். சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், 32 டிகிரிக்கு மேல் கொளுத்துகிற நாளில் ஒரு மணி நேரத்துக்குள். சோற்றுக்கு எந்த நாளுமே ஒரு மணி நேரம்தான் கணக்கு, அதையும் மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மற்றவை மூன்று நான்கு நாள் தாங்கும். லேசான சூட்டோடு வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. கொதிக்கிற அண்டாவை அப்படியே உள்ளே ஏற்றினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடாகும், அது உண்மை. சின்னச் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து வைத்தால் ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜுக்குள் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மூச்சுவிட இடமில்லாமல் அடைத்து வைத்தால் அது எந்த எண்ணில் வைத்தாலும் குளிராது.

வெளியே எடுத்துச் சூடு பண்ணும்போது சாப்பிடுகிற அளவை மட்டும் எடுங்கள். நடுவிலும் ஆவி பறக்க வேண்டும், 75 டிகிரி. மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்கவிட்டு நடுவைக் குளிராக விட்டுவிடும், இடையில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

கோழியைக் குழாயடியில் கழுவுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுவினால் கிருமி போகாது, தெறிக்கிற தண்ணீரோடு மேடைக்கும் பக்கத்தில் இருக்கும் காய்கறிக்கும் போகும். கிருமியைக் கொல்வது அடுப்பின் வேலை. பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே பச்சைக் காய்கறியை நறுக்குவதும் இதே ரகம். பிள்ளைகள் கேக் செய்யக் கூடமாட வருவது வீட்டின் சந்தோஷங்களில் ஒன்று. அவர்கள் கரண்டியை நக்குவதை மட்டும் தடுங்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும், வேகாத மாவிலும் ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம் என்பது தெரியாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் வேண்டாம், ஒரு துளிகூட.

இனி வெளிச்சாப்பாடு. நானும் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுகிறவன்தான், அதை விடுவதாக உத்தேசமும் இல்லை. சூடாக வர வேண்டியது சூடாக வருகிறதா என்று பார்ப்பேன், ஆறிப்போய் வந்தால் திருப்பி அனுப்புவேன் (என் பிள்ளைகளுக்கு இது மானப் பிரச்சினை). பஃபேயில் வெகுநேரமாக வெதுவெதுப்பாகக் கிடப்பதைவிட, அப்போதுதான் நிரப்பிய தட்டுக்குக் காத்திருப்பேன். கூட்டம் வந்து போகிற இடத்தில் உணவு தேங்காது, அது ஒரு சௌகரியம். தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாத இடத்தில் ஐஸ் வேண்டாம் என்பேன். அவ்வளவுதான்.

சில நேரம் கோளாறு சாப்பிட்ட இடத்தில் இல்லாமல், திரும்பி வருகிற வழியில் சேருகிறது. மிஞ்சியதைப் பார்சல் கட்டி வண்டியில் வைத்துவிட்டு, வழியில் ஒரு கடை, ஒரு சொந்தக்காரர் வீடு என்று சுற்றிவிட்டு வந்தால், அந்தப் பொட்டலத்தின் 2 மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும். மறுநாள் அதைச் சாப்பிட்டு வயிறு கெட்டால் பழி யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உணவால் வரும் நோய்கள் ஆண்டுக்கு 60 கோடிப் பேரைப் பாதிக்கின்றன. இறப்பவர்கள் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர். அவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

குழந்தைகளையும் முதியவர்களையும் சாய்ப்பது பெரும்பாலும் உடலின் நீர் வற்றிப்போவதுதான். எனவே வயிற்றுப்போக்கு ஆரம்பித்ததும் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்காமல் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்குங்கள். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், 39 டிகிரி செல்சியஸைத் (சுமார் 102 ஃபாரன்ஹீட்) தாண்டும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, மூன்று நாளாகியும் பேதி நிற்காமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் இவற்றுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

வீட்டில் சமைக்கிறவருக்கே வயிறு கெட்டால்? அப்போதும் பல வீடுகளில் அவர்தான் எழுந்து வந்து சமைப்பார். நோரோ வைரஸ் வீடு முழுக்கப் பரவுவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது. வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையலைத் தொடாமல் இருக்க வேண்டும். கைக்கு ஜெல் தடவிக்கொள்வது இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். அந்த இரண்டு நாள் அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், உப்பு முன்னே பின்னே இருந்தாலும் யாரும் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள்.