காலைப் பாலும் காணாமல் போன பசியும்

போன வாரம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையைச் சளிக்குக் காட்டக் கொண்டுவந்தார்கள். ஒன்றே முக்கால் வயது. கன்னமெல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறது, எடையிலும் குறையில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 6.8. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்றுதான் பொதுவாகக் கணக்கு.

காலையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "எந்திரிச்சதும் ஒரு பாட்டில் பால், பவுடர் போட்டு. அப்புறம் ரெண்டு பிஸ்கட். இட்லி ஊட்டுனா துப்பிடுறான் டாக்டர். பத்து மணிக்கு மறுபடி பால். ஆனா பால் மட்டும் எவ்வளவு குடுத்தாலும் குடிச்சிருவான்." கடைசி வரியைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி. நாள் முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஒரு லிட்டரை ஒட்டி வருகிறது.

ஒரு வீட்டில் மட்டும் நடப்பதாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர், கண்டனூர் என்று எங்கிருந்து வந்தாலும் கதை இதேதான். பங்களா வீட்டுப் பிள்ளைக்கும் ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர் பிள்ளைக்கும் இதில் வித்தியாசமில்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. காரணங்கள் பல உண்டு. என் மேசைக்கு முன்னால் அதிகம் வந்து உட்காரும் காரணம் பால்.

"பால்ல எல்லாச் சத்தும் இருக்குல்ல?" இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லத் தயாராக இருக்கிறேன். பாலில் கால்சியம் இருக்கிறது, நல்ல புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. இரும்பு இல்லை. ஒரு லிட்டர் மாட்டுப் பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது 2020இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. அந்த எட்டில் ஒன்றைக்கூடப் பால் தராது. தராதது மட்டுமல்ல, கூடச் சாப்பிடும் மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் பாலிலுள்ள கால்சியமும் புரதமும் குறைத்துவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் ஆயிரம் கலோரி. ஒரு லிட்டர் பாலிலேயே 650 கலோரி போல வந்துவிடும். அதன்மேல் சர்க்கரை, பவுடர், பிஸ்கட். இதற்குப் பிறகு இட்லியை யார் சாப்பிடுவார்கள்? பிள்ளை அடம் பிடிக்கவில்லை, அதன் வயிறு நிறைந்திருக்கிறது. ஆறரை மணிக்கு ஒரு பாட்டில் பாலை ஊற்றிவிட்டு எட்டு மணிக்கு "ஒரு வாய் வாங்க மாட்டேங்குறான்" என்று அழுதால் நான் எந்த டானிக்கை எழுதுவது? பசியைத் தூண்டும் டானிக் என்று கேட்டு வராதீர்கள், எழுத மாட்டேன். பசியைக் கெடுப்பதை நிறுத்துவதுதான் மருந்து. இதில் ஒரு சுழற்சி வேறு இருக்கிறது. இரும்பு குறைந்தால் பசியும் குறையும். பசி குறைந்த பிள்ளைக்குப் பாவமே என்று இன்னும் ஒரு டம்ளர் பால். இரும்பு இன்னும் குறையும்.

குழந்தை பூசினாற்போல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எரிச்சல், சோர்வு, மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்பது, அழுதழுது மூச்சடைத்துப் போவது, இதையெல்லாம் குணம் என்றும் திருஷ்டி என்றும் நினைத்துக்கொள்கிறோம். மூளை வேகமாக வளரும் வருடங்கள் இவை. இப்போது விட்ட இரும்பைப் பள்ளிக்கூடம் போகும் வயதில் கொடுத்து முழுவதும் ஈடுகட்டிவிட முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கோபம்.

ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு நாளைக்கு 300, 400 மில்லி பால் போதும். தயிரும் இதில் சேர்த்தி. அரை லிட்டரைத் தாண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப் பாலைப் பழக்காதீர்கள். பாட்டிலை ஒன்றேகால், அதிகபட்சம் ஒன்றரை வயதுக்குள் தூக்கிப் போடுங்கள். டம்ளரில் ஊற்றினாலே அளவு தானாகக் குறையும். ராத்திரி பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்குப் பல் சொத்தையாவதைப் பல் டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். காலையில் எழுந்ததும் தண்ணீர், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு, பால் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் மூன்று நான்கு நாள் வீட்டையே ரெண்டாக்குவான். தாங்கிக்கொள்ளுங்கள். அப்பத்தாவும் ஆயாவும் மனசு கேட்காமல் பின்கட்டில் வைத்துப் பால் கொடுத்துவிடுவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன். பெரியவர்கள் நான் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பவுடர் விஷயம். "ஹெல்த் டிரிங்க்" என்ற ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. டப்பாவைத் திருப்பிச் சர்க்கரையின் அளவைப் படியுங்கள். இரண்டு வயதுவரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம். கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரைதான். அதில் இரும்பு இருக்கிறது என்று நம்பி அள்ளிப் போடாதீர்கள். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பதும் அப்படித்தான். நல்ல உணவு, கொடுங்கள். ரத்தசோகைக்கு அது வைத்தியம் ஆகாது. கேழ்வரகின் பெருமை அதன் கால்சியம். இரும்பும் ஓரளவு இருக்கிறது, ஆனால் அப்படியே கொடுத்தால் உடம்பில் சேர்வது குறைவு. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடும். இரும்புக்குக் கம்பு மேல், 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம்.

இனி, "காலையில நேரமில்ல டாக்டர்." தெரியும். ஏழரை பஸ்ஸைப் பிடித்து ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும் போகிற அம்மாக்கள் இங்கே நிறையப் பேர். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். உங்களிடம் நான் புதிதாக எதையும் சமைக்கச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இருக்கும் பலகாரமே போதும், அதில் என்ன சேர்க்கிறோம் என்பதுதான் விஷயம்.

ராத்திரி குழம்புக்குப் பருப்பு வேகவைக்கும்போதே ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, இறக்கும் முன் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ பொடியாக அரிந்து போட்டுக் கடைந்துகொள்ளுங்கள். மிளகாய் வேண்டாம். ஆறியதும் மூடி பிரிட்ஜில் வையுங்கள். காலையில் தேவையானதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்து, நெய் ஒரு ஸ்பூன், எலுமிச்சை நாலு சொட்டு. அதை இட்லியிலோ இடியாப்பத்திலோ பிசைந்து கொடுத்தால் வேலை முடிந்தது. எலுமிச்சையை மறந்துவிடாதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் புளிப்பிலிருக்கும் வைட்டமின் சி வேண்டும். எலுமிச்சை இல்லையா, ஒரு துண்டு கொய்யா, கொஞ்சம் நெல்லிக்காய், தக்காளி, எது கிடைக்கிறதோ அது.

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். விருந்தாளி வந்த அன்றைக்கு இருக்கட்டும். தினமும் என்றால் அதில் மாவும் கொழுப்பும் இனிப்பும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. பால் பணியாரம், கந்தரப்பம் எல்லாமும் விசேஷ நாளுக்கு உரியவை.

குழிப்பணியாரம்தான் என் முதல் சிபாரிசு. மாவு எப்படியும் பிரிட்ஜில் இருக்கும். ஒரு கரண்டி மாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, துருவிய காரட்டோ கீரையோ போட்டுக் கலக்கி, குழியில் ஊற்றினால் ஐந்து நிமிஷம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதத்தில் ஏறக்குறைய பாதி. பணியாரத்தைப் பிள்ளை தானே கையில் பிடித்துச் சாப்பிடும், நீங்கள் அதற்குள் தலை வாரிக்கொள்ளலாம். சைவ வீடுகளில் முட்டைக்குப் பதில் ஊறவைத்து அரைத்த பாசிப்பயறு. கம்பு மாவையும் இட்லி மாவோடு கலந்து தோசையாக ஊற்றலாம். குக்கரில் பொங்கல் வைத்தால் அரிசிக்குச் சமமாகப் பருப்பு போடுங்கள், முழு மிளகைப் பிள்ளையின் பங்கில் விடாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் கொடுப்பதும் பொங்கல், கிச்சடி, உப்புமா, காய்கறி சாம்பார்தான். மூத்த பிள்ளை பள்ளியில் அதைச் சாப்பிடுகிறான், இளையவனுக்கு மட்டும் வீட்டில் ஏன் பிஸ்கட்?

கும்மாயத்தை விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி வறுத்துத் திரித்த மாவு. ஒரு தடவை திரித்து வைத்தால் பல நாளைக்கு வரும், பத்து நிமிஷத்தில் நெய் விட்டுக் கிண்டிவிடலாம். இரண்டு வயதுக்கு மேல் கருப்பட்டி கொஞ்சமாக, அதற்குள் என்றால் மசித்த வாழைப்பழம் போட்டு. டப்பா பவுடருக்கு மாதம்தோறும் செலவழிப்பவர்கள் இதைத் திரிக்கச் சொல்லி அப்பத்தாவிடம் கேளுங்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவையும் வாங்கி வண்டு விழ விடாதீர்கள். அதில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே சர்க்கரை போட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கும் வீடுகளில் ஒரு வேண்டுகோள். கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கேட்டு வாங்குங்கள். காரம் சேர்க்காமல் நன்றாக வேகவைத்துப் பொடியாக நறுக்கி, சின்னவனுக்கு இரண்டு ஸ்பூன். கீரையிலுள்ள இரும்பைவிடக் கறியிலுள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடத்தில் பிள்ளையின் எடை பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகும். இரண்டாம் வருடம் முழுவதும் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். அதனால் பசியும் குறையும், அது நோயில்லை. ஒரு இட்லி, ஒன்றரை இட்லி சாப்பிட்டால் அது சாப்பாடுதான். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். இருபது நிமிஷம் பாருங்கள், வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள், நடுவில் பிஸ்கட் கொடுக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும் போனைக் காட்டி ஊட்டுவதும் இரண்டும் தப்பு.

டீத்தண்ணி ஒரு வாய்கூட வேண்டாம், அதுவும் இரும்பைத் தடுக்கும். முழு நிலக்கடலை, முந்திரி, முழுத் திராட்சை நாலைந்து வயதுவரை வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடும் பிள்ளையைப் பின்னால் போய் ஊட்டாதீர்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இரண்டு முறை கொடுக்க இரும்புச்சத்து சிரப்பை அரசே தருகிறது. செவிலியர் கொடுத்தால் வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே ரத்தசோகை என்றால் சாப்பாடு மட்டும் போதாது, மருந்து வேண்டும். எல்லா ரத்தக் குறைவும் இரும்புக் குறைவால் வருவதில்லை என்பதால் சோதனை பார்த்த பிறகு. மருந்தைப் பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள், அதன்பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருடைய இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கிய பிள்ளையின் உயிருக்கே அது ஆபத்து.

அடுத்த முறை "சாப்பிடுறதில்ல" என்று வருவதற்கு முன், மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள், பால் எத்தனை மில்லி, பிஸ்கட் எத்தனை. அப்பத்தா கொடுத்ததையும் விடாமல் எழுதி, அந்தத் தாளையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.