ஒளிமுடக்கம்

ஃபோட்டோஇன்ஹிபிஷன் என்பதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் சட்டென்று கைக்கு வருவது 'ஒளித்தடை'. மூலச்சொல்லின் முற்பாதி கிரேக்கம்: 'ஃபோஸ்', வெளிச்சம். பிற்பாதி லத்தீன்: 'இன்ஹிபேரே', பிடித்து நிறுத்துதல். இரண்டையும் அப்படியே பெயர்த்தால் ஒளித்தடைதான் கிடைக்கும். தொகையை விரிக்கும்போதுதான் சிக்கல். ஒளிக்குத் தடையா, ஒளியால் தடையா? படிப்பவர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையாகத்தான் விரிப்பார். ஜன்னல் திரையும் மேக மூட்டமும் நினைவுக்கு வரும். ஆய்வாளர் சொல்வதோ வெளிச்சம் தாராளமாக விழுந்து, அதனாலேயே இலையின் ஒளிச்சேர்க்கை படுத்துவிடும் நிலையை. எனவே மூன்றாம் வேற்றுமையில் மட்டுமே விரியும் சொல் வேண்டும். 'ஒளிமுடக்கம்' என் தேர்வு. காரணம் இலக்கணம் மட்டுமல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒளிச்சேர்க்கையையே இலங்கைப் பாடநூல்கள் 'ஒளித்தொகுப்பு' என்கின்றன. தொகுத்தல் என்ற மூலப்பொருளுக்கு அது இன்னும் நெருக்கம். இதன் ஆங்கில மூலமான 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லும் ஆதியில் போட்டியில் வென்று வந்ததுதான்: 1893இல் சார்லஸ் பார்ன்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் விரும்பிப் பரிந்துரைத்தது 'ஃபோட்டோசின்டாக்ஸ்'. நிலைத்தது 'ஃபோட்டோசிந்தசிஸ்'.

வெளிச்சம் எப்போது பகையாகிறது? இலை ஒளியை உறிஞ்சுவது இயற்பியல் நிகழ்வு. தட்பவெப்பம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அந்த ஆற்றலைச் செலவழித்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது நொதிகளின் வேலை. குளிர்ந்தால் நொதிகள் மந்தமாகும். இரவெல்லாம் குளிர்ந்து, காலையில் பளிச்சென்று வெயிலடிக்கும் நாளில் வரவு அதிகம், செலவு குறைவு. மிஞ்சிய ஆற்றல், செல்லைச் சேதப்படுத்தும் வினைமிகு ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. ஒளியைப் பிடித்துப் பயன்படுத்தும் புரதக் கூட்டங்கள் இலையில் இரண்டு, முதலாம் ஒளி அமைப்பும் இரண்டாம் ஒளி அமைப்பும். அடி முதலில் விழுவது பெரும்பாலும் இரண்டாம் ஒளி அமைப்பில் உள்ள டி1 என்ற புரதத்துக்கு. அது சாதாரண வெயிலிலும் உடைந்து உடைந்து மாற்றப்படுவதுதான். வெயில் கூடினாலும் பழுதுபார்ப்பு ஈடுகொடுக்கும்வரை கவலையில்லை.

இங்கே குளிர் என்பது உறைபனி அல்ல. உறைபனியில் திசுவுக்குள் பனிக்கட்டி உருவாகிச் செல் கிழிகிறது. நாம் பேசுவது பூச்சியத்துக்கு மேலே, ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர். நெல், மக்காச்சோளம், தக்காளி, வெள்ளரி, பருத்தி போன்ற வெப்ப நாட்டுப் பயிர்களுக்கு அதுவே தாங்காது. இதைக் 'குளிர் அழுத்தம்' என்று எழுதும் வழக்கத்தோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அழுத்தம் என்றால் இயற்பியல் படித்தவர் காற்றழுத்தத்தை நினைப்பார், மற்றவர் மன அழுத்தத்தை நினைப்பார். 'குளிர்த்தாக்கம்' போதும்.

ஜப்பானில் ஒகசாக்கியில் உள்ள அடிப்படை உயிரியல் நிறுவனத்தில் நோரியோ முராத்தாவின் குழு 1990இல் ஒரு நீலப்பச்சைப்பாசியின் மரபணுவை இன்னொன்றில் புகுத்தி, அதன் குளிர் தாங்கும் திறனைக் கூட்டியது. அந்த மரபணு செய்யும் வேலை, ஒளி அமைப்புகள் பதிந்திருக்கும் சவ்வின் கொழுப்பில் நிறைவுறா கொழுப்பு அமிலங்களைப் பெருக்குவது. அவை கூடினால் சவ்வு குளிரிலும் இளகியே இருக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்க, நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருப்பது இதே வேதியியலால்தான். 1992இல் அதே குழு புகையிலைக்கு வந்தது. சவ்வுக் கொழுப்பை ஆக்கும் ஒரு நொதியின் மரபணுவைக் குளிர் தாங்காத பூசணி இனத்திலிருந்து எடுத்து வைத்தால் புகையிலை மேலும் நோஞ்சானானது. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியிலிருந்து எடுத்து வைத்தால் கூடுதலாகத் தாங்கியது.

பெயர் வைப்பவருக்கு முக்கியமானது 1995இல் வந்த அடுத்த முடிவு. பூசணி மரபணு பெற்ற புகையிலையில் ஒளியால் வரும் சேதம் கூடியிருக்கவில்லை. சேதத்திலிருந்து மீள்வதுதான் தாமதப்பட்டது. அதாவது இளகிய சவ்வு அடியைத் தடுக்கும் கேடயமன்று. உடைந்த டி1ஐ மாற்றும் வேலை குளிரிலும் நடக்க இடங்கொடுப்பது. முடங்கியது எழும் என்பது தமிழில் இயல்பு. தடை விலகும், அகலும், எழாது. முடக்கம் என்று சொல்லிவிட்டால் 'மீட்சி' என்ற இணைச்சொல்லும் தானே வந்து பொருந்துகிறது.

மரபணுப் பொறியியல் போன வேறு வழிகளும் உண்டு. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவால், நெல் இயல்பில் சேர்த்துவைக்காத கிளைசின்பீட்டைன் என்ற பொருளை அதன் இலையில் உண்டாக்கினார்கள் (1998). ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் உண்டாக்கிய செடிகளில் அதன் அளவு, வெளியே செல்நீர்மத்தில் உண்டாக்கிய செடிகளில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் குளிரில் ஒளிச்சேர்க்கையை நன்றாகக் காத்தவை உள்ளே உண்டாக்கியவையே. அளவைவிட இடம் பெரிது! அமெரிக்காவில் இத்தாக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் நிறுவனத்தார் செலவுப் பக்கத்தைப் பெருக்கினார்கள்: கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி கூடுதலாக உள்ள மக்காச்சோளத்தை வளர்ப்பறையில் 14 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். சாதாரணச் செடிகளைவிட ஒளிச்சேர்க்கை அதிகமாக இருந்தது, வெப்பம் திரும்பியதும் விரைவாகத் தேறியது. 2020இல் வெளியான ஆய்வு இது.

என் சொல் தோற்கும் இடம் ஒன்று உண்டு: வெள்ளரி. 1994இல் இச்சிரோ தெராஷிமாவும் உடன் பணியாற்றியவர்களும் குளிரில் வெள்ளரி இலையில் அடிபடுவது முதலாம் ஒளி அமைப்பே என்று காட்டினார்கள். கடும் வெயில்கூட அதற்குத் தேவையில்லை, மிதமான வெளிச்சமே போதும். அந்தச் சேதம் எளிதில் மீள்வதுமில்லை. எழாததை முடக்கம் என்பது பொருந்தாது. அந்த ஒன்றுக்கு மட்டும் 'ஒளிச்சிதைவு' என்று தனியாக எழுதுவேன்.