வலி மாத்திரையும் அதிமதுர வேரும்

வலி மாத்திரை போட்டால் வயிறு புண்ணாவது, அது உள்ளே விழுந்து உரசுவதால் மட்டும் இல்லை. அதே மருந்தை ஊசியாக ஏற்றினாலும் புண் வரலாம். இரைப்பைச் சுவர், தான் சுரக்கும் அமிலமே தன்னைத் தின்றுவிடாமல் இருக்க, வழவழப்பான சளியைப் பூசிக்கொள்கிறது, அதற்கடியில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைச் சுரக்கிறது, ரத்த ஓட்டத்தையும் குறையவிடுவதில்லை. இதையெல்லாம் முடுக்கிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். மூட்டில் வலியைக் கூட்டுவதும் இதுதான். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன என்று 1971-இல் பிரிட்டிஷ் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்னார். மூட்டில் அது குறைந்தால் வலி போகும், வயிற்றில் குறைந்தால் காவல் போகும்.

இங்கேதான் சீன வைத்தியத்தின் கான்ட்சாவ் என்ற மூலிகை வேர் வருகிறது. பெயருக்கு அர்த்தம் 'இனிப்புப் புல்', நம் அதிமதுரத்தின் நெருங்கிய உறவு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவர் சாங் சோங்சிங்கின் கஷாயங்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. வயிற்றுக்கு என்றால் மஞ்சள் வேர்த்துண்டுகளைத் தேனில் பிசறி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை வறுத்துச் சேர்ப்பார்கள்.

இதன் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின், சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிப்பு. அதிலிருந்து செய்த கார்பெனாக்சலோன் என்ற மருந்து 1960-களில் பிரிட்டனில் வயிற்றுப் புண்ணுக்கு வந்தது, புண்ணை ஆற்றவும் செய்தது. எப்படி என்று பார்த்தால், இரைப்பைச் சுவரில் புரோஸ்டாகிளாண்டினைச் சிதைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது! அதாவது ஆஸ்பிரின் குழாயை மூடுகிறது, அதிமதுரமோ தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஒழுகிப் போகாமல் அடைக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் ஆஸ்பிரினோடு அதிமதுரத்தைச் சேர்த்தால் புண் குறைகிறது என்பதற்கான ஆதாரம் பெரும்பாலும் எலிகளில் கிடைத்தது, மனிதர்களுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் இன்னொரு பக்கம். 1946-இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரச் சாற்றால் நோயாளிகளின் வயிற்றுப் புண் ஆறுவதைக் கவனித்தார். கூடவே சிலருக்கு முகமும் காலும் வீங்கியதையும் பார்த்தார். சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியையும் அதிமதுரம் தடுத்துவிடுகிறது. அந்த ஹார்மோன் அடங்காமல் வேலை செய்வதால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். கிளிசரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு 2003-இல் சொன்னது இதனால்தான். வலி மாத்திரையே பிரஷரை ஏற்றக்கூடியது, ஆகவே பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் கஷாயத்தைத் தொடவே வேண்டாம்.