கரைக் கான்கிரீட்டுக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரை பார்க்கப் போனால், "உள்பக்கம் பூராவும் கான்கிரீட் போட்டாச்சு சார், இனிமே கரைக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அலை அரிப்புக்கு அது நல்ல காப்புதான். எனக்கு வரும் கேள்வி வேறு: அதற்குப் பின்னால் போன தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்?

எந்தக் கான்கிரீட்டும் இணைப்புகளில் கொஞ்சம் கசியும். கார்த்திகையில் கண்மாய் நிறைந்து நிற்க, கரை மண் ஊறிவிடும். அப்புறம் மட்டத்தைச் சட்டென்று இறக்கினால், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அதே வேகத்தில் இறங்காது. 10 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் பலகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ. பின்னால் தண்ணீர் 24 செ.மீ. கூடுதலாக நின்றாலே பலகத்தைத் தூக்கிவிடும். சரிவில் கிடக்கும் பலகத்துக்கு அதுகூட வேண்டாம்.

அந்தத் தண்ணீர் வெளியே வடியத்தான் பலகத்தில் வீப் ஹோல் என்னும் சிறு குழாய்கள். ஒரு கரையில் அவை வரிசையாக, பார்க்க லட்சணமாக இருந்தன. ஒன்றில் கம்பியை விட்டேன். ஒரு சாண் போனதும் களிமண்ணில் குத்தி நின்றது. பின்னால் மணலும் இல்லை, ஜல்லியும் இல்லை. அடுத்த குழாயில் கரை மண்ணே கரைந்து பலகத்தின் மேல் கோடாக வழிந்திருந்தது. பக்கத்தில் தட்டினால் டொங்கென்று பொள்ளல் சத்தம், பின்னால் மண் இல்லை.

மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விட, குழாய்க்குப் பின்னால் போடும் வடிகட்டி மணலுக்கு மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி வகுத்த விதி உண்டு. மணலில் 15 சதவீதம் சலிந்துபோகும் சல்லடைக் கண் அளவு, கரை மண்ணில் 85 சதவீதம் சலியும் கண் அளவைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது, அப்போதுதான் மண் வெளியேறாது. மணலின் அதே அளவு, மண்ணின் 15 சதவீத அளவைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தங்காது. சல்லடைச் சோதனைக்குப் பெரிய செலவில்லை. ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று கிரஷர் தூசியைக் கொட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

சீனாவில், சிங்ஹாய் மாகாணத்தின் 71 மீட்டர் உயர கோஹோ அணை கான்கிரீட் முகம் போட்டதுதான். மேல்பகுதி இணைப்பில் புகுந்த தண்ணீர் வெளியேற உள்ளே சரியான வடிகால் இல்லை. 1993 ஆகஸ்டில் உடைந்தது. சுமார் 300 பேர் போய்விட்டார்கள்.

வெளிச்சரிவின் அடியில் கசிவு கண்டால், பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கவனித்து வரலாம். அடியில் மண் படிந்தாலோ, கசிவு கூடினாலோ அன்றைக்கே நீர்வளத் துறைக்கோ ஒன்றிய அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள். அதுவரை சிமெண்ட் பூசி அடைக்கப் பார்க்காதீர்கள், வேறு இடத்தில் கிளம்பும். கசியும் இடத்தின் மேல் மணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் கல் என்று ஏற்றுங்கள். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது.