தொடரின் ‘சீசன்’ தமிழில் பருவம்

மதுரைப் பேச்சில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு எப்போதும் வேலை உண்டு. ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றால சீசன். கார்த்திகை பிறந்தால் சபரிமலை சீசன். ஊர்த் திருவிழாக்களில் மேடையேறும் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்குப் பங்குனியில் தொடங்கும் கோயில் திருவிழா மாதங்கள்தான் சீசன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குக் கோடை சீசன். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறினால் ‘இப்ப சீசன் இல்லீங்க’ என்பார்கள். இத்தனை இடத்திலும் சீசன் என்றால் ஒன்று நிறையவும் நன்றாகவும் கிடைக்கிற காலம். அது போய்விட்டால் அவ்வளவுதான்.

தொலைக்காட்சித் தொடரின் சீசன் அப்படிப்பட்டதல்ல. ஒரு தொடரில் ஓர் ஆண்டுக்கென்று எடுத்து வெளியிடும் பகுதிகளின் தொகுப்பு அது, வெறும் வரிசை எண். ஆனால் நம் வாயில் இரண்டு பொருளும் கலந்துவிட்டன. “நாலாவது சீசனோட அது முடிஞ்சுபோச்சு மாப்ள, அதுக்கு மேல பார்க்காத” என்கிறோம். தொடர் என்னவோ ஆறு சீசன் ஓடியிருக்கும். பின்னால் வருவதெல்லாம் சீசன் போன சரக்கு என்ற எண்ணம் சொல்லோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடுகிறது. ஒரு தொடரைத் திரும்பப் பார்க்கிறவர்கள் அந்த எண்ணத்தைத்தான் இப்போது மாற்றிக்கொள்கிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘சாத்தியோ’ என்றால் விதைத்தல். விதைக்கும் செயலைக் குறித்தது விதைக்கும் காலத்துக்கு ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒன்றுக்கு உரிய காலம் என்ற பொதுப் பொருளைப் பெற்றது. தச்சுப் பட்டறையில் ‘சீசன் பண்ணின மரம்’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். நாள்பட வைத்துப் பதமாக்கிய மரம். விதைப்பு, பதமாதல் இரண்டையும் சுமந்த சொல்லை நாம் வரத்துக் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

நாடகத்துக்கும் இசைக்கும் சீசன் என்பது ஐரோப்பிய வழக்கம். சென்னையின் டிசம்பர் சீசனும் அந்த வகைதான். அமெரிக்க வானொலி அதை எடுத்துக்கொண்டது. கோடையில் பெரிய நிகழ்ச்சிகளுக்கு விடுமுறை விட்டு, செப்டம்பரில் மறுபடி தொடங்கி மே மாதம் வரை நடத்துவார்கள். தொலைக்காட்சியும் அப்படியே தொடர்ந்தது. ஆரம்பத்தில் ஒரு சீசனுக்கு 39 பகுதிகள்கூட வந்தன. பிறகு அது 22, 24 என்று சுருங்கி, இன்றைய இணையத் தொடர்களில் எட்டு, பத்து என்று நிற்கிறது. பிரிட்டனில் இதையே ‘சீரிஸ்’ என்பார்கள்.

நம் தொடர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. 2002 முதல் 2005 வரை ஓடிய மெட்டி ஒலி 800-க்கும் மேற்பட்ட பகுதிகள், ஒரே ஓட்டம். மர்மதேசம் வேறு வழியில் போனது: ரகசியம், விடாது கருப்பு என்று ஒவ்வொரு கதைக்கும் தனிப்பெயர். மதுரையிலேயே வாழ்ந்து 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகள் அவை. மர்மதேசம் என்றதும் இன்றும் பலர் வாயில் முதலில் வருவது இரண்டாவதாக வந்த விடாது கருப்புதான். பின்னால் வந்தது முந்தையதைவிடக் குறைந்ததாகத்தான் இருக்கும் என்பதெல்லாம் இல்லை.

திருநகரில் இருக்கும் நண்பர் ஒருவர் ‘லாஸ்ட்’ தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்தார், இந்த முறை மனைவியோடு. விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை, 2004 முதல் 2010 வரை ஆறு சீசன் வந்த அமெரிக்கத் தொடர். கடைசிப் பகுதி வெளியானபோது, விமானம் விழுந்த அன்றே எல்லோரும் செத்துவிட்டார்கள், இத்தனை வருடம் பார்த்தது பொய் என்று ஏராளமானோர் நினைத்துக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஒளிபரப்பு நிறுவனம் சேர்த்துவிட்ட விமானச் சிதைவுக் காட்சிகள் வேறு அந்த எண்ணத்தை வளர்த்தன. நண்பரும் அன்று கோபப்பட்டவர்தான். இப்போது பார்த்தால், தீவில் நடந்தது எல்லாம் உண்மை, சிலர் முன்னால் இறந்தார்கள், சிலர் வெகுகாலம் கழித்து இறந்தார்கள் என்று நாயகன் ஜாக்கிடம் அவன் அப்பா வெளிப்படையாகவே சொல்கிறார். காட்சியை நிறுத்தி இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார் நண்பர். கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் மருத்துவன் ஜாக், நம்பிக்கையே பெரிதென்னும் லாக்கின் பக்கம் கடைசியில் வந்து சேர்வதும், முதல் சீசனில் அவர்கள் போடும் சண்டைகளிலேயே தொடங்கிவிட்டது என்றார். அவர் மனைவிக்கோ ஆறாவது சீசன்மேல் குறையே இல்லை. “அவ நடுவுல எட்டு மாசம் காத்துக் கிடக்கல, அதான்” என்றார். எனக்கும் அதுதான் சரியாகப்படுகிறது. காத்திருந்த காலத்தில் நாமே ஒரு முடிவைக் கட்டி வைத்திருந்தோம்; அது வரவில்லை என்ற கோபத்தில் வந்ததைப் பார்க்கத் தவறிவிட்டோம். இப்படித் திரும்பப் பார்ப்பதற்கு ‘மீள்பார்வை’ என்ற சொல் போதும். மறுபடி பார்ப்பதும் மறுபடி மதிப்பிடுவதும் அதிலேயே இருக்கிறது.

சீசனுக்கு வருவோம். ‘பாகம்’ என்கிறார்கள் சிலர். பாகம் என்றால் பிரித்த பங்கு; அதில் காலமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. ‘பருவம்’தான் சரியான சொல். பருவம் வருமுன் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டதாகக் குறுந்தொகையில் தோழி சொல்கிறாள். ‘பருவத்தே பயிர் செய்’ என்ற ஔவையின் சொல் லத்தீன் விதைப்புக்கு நேரே வந்து நிற்கிறது. நூல் பிரிவுக்கும் இந்தப் பெயர் உண்டு. வடமொழி மகாபாரதத்துக்குப் பதினெட்டுப் பர்வங்கள். பர்வம் என்றால் கரும்பின் கணுபோல ஒன்று முடிந்து அடுத்தது கிளம்பும் இடம். வில்லிபுத்தூராரின் தமிழ்ப் பாரதத்தில் அது பத்துப் பருவமானது.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது பிள்ளைத்தமிழ். அங்கே பருவம் குழந்தையின் வளர்ச்சிப் படி. காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கிப் பத்து. தாலாட்டு கேட்ட குழந்தை ஊசலில் ஏறுகிறவரை வளர்ந்துகொண்டே போகும். ஊசற் பருவத்தில் தால் இல்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. மதுரையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, ‘தொடுக்கும் கடவுட் பழம்பாடல்’ என்ற பாட்டைக் கேட்டு அம்மனே சிறுமியாக வந்து முத்துமாலை அணிவித்தாள் என்பது ஊரறிந்த கதை. அந்தப் பாட்டு வருவது ஆறாவதான வருகைப் பருவத்தில்.

பருவம் என்றால் மழையும் பருவ வயதும்தானே நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்குகிறார்கள். பள்ளியில் முப்பருவ முறை வந்த 2012 முதல் பாடநூல் அட்டையிலேயே ‘முதல் பருவம்’, ‘இரண்டாம் பருவம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கல்லூரியில் பருவத் தேர்வு எழுதாதவர் யார்? காதுக்குப் பழகிய சொல்தான், தொடருக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதும்போது ‘ஆறாம் பருவம், நான்காம் பகுதி’ என்று எழுதலாம். சுருக்கமாக ‘பருவம் 6, பகுதி 4’. பின்னால் வருபவற்றை மொத்தமாகச் சொல்ல ‘பின்பருவங்கள்’. குற்றாலத்துக்கும் மல்லிகைக்கும் சீசன் அப்படியே இருக்கட்டும். அங்கே அந்தச் சொல் பொருள் பிசகாமல்தான் நிற்கிறது.