மெக்கன்சியின் சுவடிகளும் உங்கள் வீட்டுப் பரணும்

காலின் மெக்கன்சி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் துறைத் தலைவர். அவர் சேர்த்த தென்னிந்தியச் சுவடிகளைப் படிக்க அவருக்கே மொழி தெரியாது. காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்கள்தான் ஊர் ஊராக ஆளனுப்பி ஏடுகளையும், ஊர் வரலாறு சொல்லும் கைபீதுகளையும் திரட்டினார்கள். எந்த ஊரில், யாரிடம், என்ன கிடைத்தது என்பதையும் எழுதி வாங்கினார்கள். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் இன்று பாதிச் சுவடி ஊர் பேர் தெரியாத கட்டுகளாகத்தான் கிடக்கும்.

1821இல் மெக்கன்சி இறந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு லட்ச ரூபாய் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கியது. 1828இல் சமஸ்கிருத அறிஞர் எச். எச். வில்சன் அவற்றின் அட்டவணையை வெளியிட்டார். ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, ஒரு பகுதி சென்னைக்கு வந்தது. 1830களின் பிற்பகுதியில் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் சென்னையில் இவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, காகிதச் சுவடிகள் பலவற்றில் மை மங்கி, பூச்சி அரித்திருந்தது. உடனே படியெடுக்க வைத்தார். பெரும்பாலும் நாற்பது வயதுகூட ஆகாத காகிதங்கள் அவை! இன்று அவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஓலை ஏட்டுக்கட்டு இருந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். கட்டியபடியே முதலில் படம் எடுங்கள். கயிற்றை இழுத்து உருவினால் துளையோரம் கிழியும். தளர்த்திவிட்டு ஒவ்வோர் ஏடாக நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் நெம்பினால் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வரும். அதைச் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

தூசியை மென்மையான தூரிகையால், ஓலையின் நார் ஓடும் நீளவாக்கில் தட்டுங்கள். வெயிலில் காயவைத்தால் ஓலை நொறுங்கும். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். எழுத்தாணியால் கீறிய ஏட்டுக்கு லெமன்கிராஸ் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகத் தடவலாம். மையால் எழுதியதில் தடவினால் எழுத்து கலைந்துவிடும். லேமினேஷனும் செல்லோடேப்பும் வேண்டவே வேண்டாம்.

கீறிய எழுத்தில் மை பூசி ஏற்றாத ஏடு வெறும் ஓலைபோலத் தெரியும். டார்ச்சை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இரு பக்கமும் அப்படியே படமெடுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

பிறகு ஏட்டைவிடச் சற்றுப் பெரிய மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஊர், வீட்டின் பெயர், எழுதியவர், வைத்தியமா சோதிடமா என வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஓர் அட்டையில் எழுதி, ஏட்டில் ஒட்டாமல் சட்டத்துக்கு வெளியே, துணிக்குள் செருகுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரம் பட்டால் ஊறி ஓலைக்கும் ஏறிவிடும்.